கார் ஆயிலை பைக்கில் ஊற்றினேன், திம்பம் ஏறவில்லை

#1 அவிநாசிக்காரன்

எல்லோருக்கும் வணக்கமுங்க. வீட்டுக்கு ஒன்று நிற்குமே, அந்த 100 சிசி வண்டிதான். அப்பா 2011-ல் வாங்கியது, இப்போது என் கையில். 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் அவிநாசியிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் வருவதில் 30 கிலோமீட்டர் ஆகும்.

போன மாதம் ஆயில் மாற்றும் நேரம் வந்தது. அண்ணன் காருக்கு வாங்கிய 5டபிள்யூ-30 சிந்தடிக் ஆயில் கேனில் ஒரு லிட்டருக்கு மேல் மிச்சம் கிடந்தது. நம் வண்டிக்கு வழக்கமாக ஊற்றுவதைவிட விலை கூடின சரக்கு, அது என்ன கெடுதல் செய்துவிடப் போகிறது என்று நானே வடித்து, நானே ஊற்றினேன். ஒரு வாரம் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. கியர் விழுகிற சத்தம்கூட இல்லை. அண்ணனிடம் பெருமை வேறு பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சானைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு தாளவாடியில் ஒறம்பரை வீட்டுக்குக் கிளம்பினோம். பண்ணாரி தாண்டி திம்பம் மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் கிரகம் பிடித்தது. ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்ஜின் கத்துகிறது, வண்டி அசைய மாட்டேன் என்கிறது. 9/27 என்று எழுதியிருந்த, 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவது வளைவில் மச்சான் இறங்கி நடந்தே வந்தார். இரண்டு மூட்டை கட்டிய எக்ஸ்.எல். மொபெட் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

ஆயில்தான் காரணமா, இல்லை கிளட்ச் பிளேட்டே போய்விட்டதா?

#2 மேட்டுப்பாளையம்_வளைவு

கோத்தகிரி ரோட்டில் தினமும் ஏறி இறங்குகிறவன் சொல்கிறேன், இது கிளட்ச் ஸ்லிப். ஆயில் கேனின் பின்பக்கம் ஜாசோ எம்.ஏ. என்று எங்காவது இருக்கிறதா பாருங்க.

#3 அவிநாசிக்காரன்

கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். ஜாசோ என்ற பேச்சே இல்லைங்க. ஏ.பி.ஐ. எஸ்.என். என்று ஒரு வட்ட முத்திரை இருக்கிறது. அதன் கீழ்ப்பாதியில் "ரிசோர்ஸ் கன்சர்விங்" என்று வளைத்து எழுதியிருக்கிறது.

#4 சூலூர்_லேப்

அந்தக் கீழ்ப்பாதி எழுத்துதான் உங்களை மலையில் நிறுத்தியது.

காரில் இன்ஜினுக்கு ஒரு ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறு ஆயில், கிளட்ச் காய்ந்த நிலையில் தனியாக இருக்கும். கியர் வைத்த நம் பைக்கில் இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஆயில். கிளட்ச் பிளேட்டுகள் அந்த ஆயிலில் நனைந்தபடியேதான் வேலை செய்கின்றன. ஒரு உராய்வு பிளேட், ஒரு இரும்பு பிளேட் என்று மாற்றி மாற்றி அடுக்கி, ஸ்பிரிங் வைத்து அழுத்தியிருக்கும். அவை ஒன்றையொன்று கவ்விப் பிடித்தால்தான் இன்ஜின் சுற்றுவது சக்கரத்துக்குப் போகும்.

கார் ஆயில்காரர்கள் பெட்ரோல் மிச்சப்படுத்த உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்ப்பார்கள். "ரிசோர்ஸ் கன்சர்விங்" என்பது அதற்கான அடையாளம். காருக்கு அது நல்லது. உங்கள் கிளட்சுக்கோ வழுக்குப் பாறையில் நிற்கச் சொன்ன கதை. சமதளத்தில் ஒற்றை ஆளாகப் போகும்போது பிளேட் எப்படியோ சமாளிக்கும். மலையில் இரண்டு பேர் பாரத்தோடு ஏறும்போது கையை விட்டுவிடும். ஒரு வாரம் நன்றாக ஓடியதும், மலையில் நின்றதும் இதனால்தான்.

இந்தப் பிரச்சினைக்காகவே ஜப்பான்காரர்கள் 1998-ல் ஜாசோ டி903 என்று ஒரு தரம் கொண்டுவந்தார்கள். ஆயிலில் கிளட்ச் பிளேட்டைச் சுழலவிட்டு எவ்வளவு கவ்வுகிறது என்று அளப்பார்கள். நன்றாகக் கவ்வினால் எம்.ஏ., அதற்குள்ளேயே எம்.ஏ.1, எம்.ஏ.2 என்று பிரிவு உண்டு, எம்.ஏ.2 அதிகம் கவ்வும். வழுக்கினால் எம்.பி. கியர் பைக்குக்கு எம்.ஏ. வகையைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சிந்தடிக் என்பதால் வழுக்கவில்லை. எம்.ஏ.2 முத்திரையோடு முழு சிந்தடிக் பைக் ஆயில் எவ்வளவோ விற்கிறது. "சிந்தடிக் போட்டால் கிளட்ச் போகும்" என்று இங்கே யாராவது கிளம்பிவிடுவதற்குள் சொல்லி வைத்தேன்.

#5 கரூர்_பட்டறை

தம்பி, லேப்காரர் சொன்னது சரிதான். ஆனால் மொத்தப் பழியையும் ஆயில் மேல் போட்டுவிட வேண்டாம். மூன்று கேள்வி கேட்கிறேன், பதில் சொல்லுங்க.

கிளட்ச் லிவரை விரலால் லேசாக இழுத்தால் நுனியில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது? 10-லிருந்து 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும். ஆட்டமே இல்லாமல் விறைப்பாக நின்றால், நீங்கள் லிவரைப் பிடிக்காதபோதும் கேபிள் கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். எந்த ஆயில் ஊற்றினாலும் வழுக்கும்.

இரண்டாவது, எவ்வளவு ஊற்றினீர்கள்? கையில் ஒரு லிட்டருக்கு மேல் இருந்தது என்கிறீர்கள், முழுசாக ஊற்றிவிட்டீர்களோ என்று பயமாக இருக்கிறது. 100 சிசி வண்டிகளுக்கு 900 மில்லி பாட்டில் விற்பதே ஒரு காரணத்தோடுதான்.

மூன்றாவது, அந்த வளைவில் தீய்ந்த வாசம் வந்ததா?

அப்புறம் 78,000 ஓடிய வண்டிக்கு, கம்பெனி சொல்கிற இந்த 10டபிள்யூ-30 எல்லாம் தண்ணி மாதிரி. எங்கள் ஊர் வெயிலுக்கு நான் 20டபிள்யூ-50தான் ஊற்றுகிறேன். 22 வருசமாக ஒருத்தரும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்ததில்லை.

#6 அவிநாசிக்காரன்

அண்ணா, வாசம் வரவில்லை. ஆயில் ஒரு லிட்டர் முழுசாக ஊற்றினேன் (தலையில் அடித்துக்கொள்கிறேன்). லிவரை இப்போதுதான் போய்ப் பார்த்தேன். ஆட்டமே இல்லை. போன தீபாவளிக்கு லிவர் லூசாக இருக்கிறது என்று நானேதான் முறுக்கினேன்.

#7 கரூர்_பட்டறை

அப்போ பாதி நோய் கண்டுபிடித்தாயிற்று. வாசம் வரவில்லை என்றால் பிளேட் கருகியிருக்காது.

#8 சூலூர்_லேப்

பட்டறை அண்ணனோடு 20டபிள்யூ-50 விஷயத்தில் கொஞ்சம் சண்டை போட வேண்டும். கோபித்துக்கொள்ளக் கூடாது.

அந்த எண்கள் என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். பின்னால் வரும் 30, 40, 50 என்பது 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதன் பிரிவு. அளவை செண்டிஸ்டோக்கில் சொல்வார்கள். 30 என்றால் 9.3-லிருந்து 12.5-க்குள், 40 என்றால் 12.5-லிருந்து 16.3-க்குள், 50 என்றால் 16.3-லிருந்து 21.9-க்குள். முன்னால் வரும் 10டபிள்யூ, 20டபிள்யூ குளிரில் எடுக்கும் கணக்கு. 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியிலும் 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் சோதிப்பார்கள். ஊட்டியில் உறைபனி கொட்டும் மாதத்தில்கூட நமக்கு அந்தக் குளிர் கிடையாது. அதனால் முன் எண் நமக்கு வேண்டாத சமாச்சாரம் என்று நினைக்கத் தோன்றும்.

அங்கேதான் தப்பு. காலை ஆறு மணிக்குக் கிக்கரை உதைக்கும்போது ஆயில் 100 டிகிரியிலா இருக்கிறது? 22, 23 டிகிரியில் அடியில் தேங்கிக் கிடக்கிறது. அந்தச் சூட்டில் 20டபிள்யூ-50 என்பது 10டபிள்யூ-30-ஐவிட நல்ல கெட்டி. பம்ப் அதை இழுத்து மண்டையில் வால்வைத் திறக்கும் கேம் வரைக்கும் ஏற்றுவதற்குள் உலோகத்தோடு உலோகம் உரசும். இன்ஜின் தேய்மானத்தில் ஒரு பங்கு இப்படித்தான் வருகிறது. அதோடு கெட்டி ஆயிலைக் கலக்கிக்கொண்டே சுற்றுவதற்குப் பெட்ரோலும் கொஞ்சம் கூடச் செலவாகும்.

20டபிள்யூ-50 கெட்ட ஆயில் இல்லை. பல்சர் 150-க்கு அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ராயல் என்ஃபீல்டு 350-க்கு 15டபிள்யூ-50, ஸ்ப்ளெண்டருக்கு 10டபிள்யூ-30. இன்ஜினுக்குள் இருக்கும் இடைவெளிகளையும் பம்பையும் பார்த்து வடிவமைத்தவர்கள் போட்ட எண் அது. மாப்பிள்ளைக்குத் தைத்த சட்டையை மாமனாருக்குப் போட்டுவிட முடியாது.

#9 கரூர்_பட்டறை

கோபமெல்லாம் இல்லை லேப்காரரே. ஆனால் ஏசி ரூமில் எடுத்த கணக்கும் எங்கள் ஊர் மே மாதமும் ஒன்றில்லை. வெளியே 40 டிகிரி, காற்றில் குளிரும் இன்ஜின், மூன்று பேர் ஏறி டிராபிக்கில் ஊர்ந்து வருகிறார்கள். அந்த வண்டியில் ஆயில் எத்தனை டிகிரியில் இருக்கும் என்று நீங்களே சொல்லுங்க. பிஸ்டனும் அது ஓடும் சிலிண்டர் போரும் தேய்ந்து, புகை தள்ளி, 1,000 கிலோமீட்டருக்குள் கால் லிட்டர் குடிக்கிற வண்டி தினமும் வருகிறது. ரீபோர் செய்யச் சொன்னால் "அடுத்த மாசம் பார்க்கலாமுங்க" என்பார்கள். அதற்குக் கெட்டி ஆயில் ஊற்றினால் ஆறு மாதம் ஓட்டிக்கொள்வார்கள். நோய் தீராது, காய்ச்சல் இறங்கும்.

நல்ல கண்டிஷனில் இருக்கும் வண்டிக்கு நீங்கள் சொல்கிறதுதான் சரி, ஒத்துக்கொள்கிறேன். தம்பி, உங்கள் வண்டி புகைகிறதா? ஆயில் குறைகிறதா?

#10 அவிநாசிக்காரன்

இரண்டும் இல்லைங்க அண்ணா.

#11 கரூர்_பட்டறை

அப்போ லேப்காரர் ஜெயித்தார். 10டபிள்யூ-30, எம்.ஏ.

#12 சூலூர்_லேப்

ஜெயிப்பதற்கு என்ன இருக்கிறது. காற்றில் குளிரும் இன்ஜினுக்கு வெளி வெயில் கணக்கில் வரும் என்பது உண்மை. சில பழைய மானுவல்களில் ஊர் வெப்பத்துக்கு ஏற்ப எந்த கிரேடு என்று கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். உங்கள் மானுவலில் அப்படிக் கெட்டி கிரேடுக்கு அனுமதி இருந்தால் கோடையில் போட்டுக்கொள்வதில் தப்பில்லை.

#13 பொள்ளாச்சி_தோப்பு

நடுவில் ஒரு சந்தேகம். டிராக்டருக்கு 15டபிள்யூ-40 டீசல் ஆயில் பக்கெட்டாக வாங்கி வைத்திருக்கிறோம். அப்பாரு காலத்திலிருந்து அதையேதான் தோட்டத்து பைக்குக்கும் ஊற்றுவோம். கிளட்ச் ஒரு நாளும் வழுக்கியதில்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

#14 சூலூர்_லேப்

வழுக்காது ஐயா. டீசல் ஆயிலில் பொதுவாக அந்த வழுக்கு மருந்து சேர்ப்பதில்லை. அதனால் உங்கள் அப்பாரு கார் ஆயில் ஊற்றியவரைவிட விவரமானவர்.

ஆனால் டீசல் இன்ஜினில் கரிப்புகை அதிகம் என்பதால் அதைக் கழுவுகிற மருந்தை அந்த ஆயிலில் நிறைய போடுவார்கள். அது எரிந்தால் சாம்பல் மிஞ்சும். ஜாசோ பைக் ஆயிலுக்கு சல்பேட் சாம்பல் 1.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. டிராக்டர், லாரி ஆயில்களில் பல இதைத் தாண்டும். ஆயில் குடிக்கிற வண்டியாக இருந்தால் அந்தச் சாம்பல் வால்விலும் பிளக்கிலும் படியும். சில டீசல் ஆயில் பக்கெட்டிலேயே ஜாசோ எம்.ஏ. என்றும் போட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் தைரியமாக ஊற்றலாம். இல்லையென்றால் அவசரத்துக்கு ஊற்றி, அடுத்த முறை மாற்றிவிடுங்கள்.

#15 பொள்ளாச்சி_தோப்பு

சரிங்க. வடித்த ஆயிலை வேலிக் கம்பங்களுக்குக் கரையான் வராமல் பூசிவிடுவோம், அதாவது பரவாயில்லையா?

#16 சூலூர்_லேப்

அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். மழை பெய்தால் அந்த ஆயில் இறங்கும் இடம் உங்கள் கிணறுதான். பழைய ஆயில் தோலில் திரும்பத் திரும்பப் பட்டாலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. பட்டறையில் பேரல் வைத்திருப்பார்கள், அங்கே கொடுத்துவிடுங்கள்.

#17 பெருந்துறை_டீச்சர்

நான் ஓட்டுவது கியர் இல்லாத ஸ்கூட்டர். போன தடவை சர்வீஸில் தம்பி வண்டிக்கு வாங்கிய எம்.ஏ. ஆயிலையே எனக்கும் ஊற்றிவிட்டார்கள். இந்த இழையைப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை.

#18 மேட்டுப்பாளையம்_வளைவு

நிம்மதியாகத் தூங்குங்க டீச்சர். ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை, பெல்ட்டோடு தனி அறையில் காய்ந்தே கிடக்கும். அதனால் வழுக்கு ஆயிலான எம்.பி.யே போதும், மைலேஜும் ஒரு பொட்டு கூடக் கிடைக்கும். எம்.ஏ. ஊற்றியதால் எதுவும் உடையாது. எம்.பி.யை உங்கள் தம்பி வண்டியில் ஊற்றினால்தான் அவர் திம்பத்தில் நிற்பார். பின்சக்கரத்துப் பக்கம் கியர் ஆயில் என்று கொஞ்சம் தனியாக இருக்கும். பலர் அதை மறந்தே போவார்கள். அதை மாற்றினார்களா என்று மட்டும் கேளுங்க.

#19 கோபி_ஆர்எக்ஸ்

ஆர்.எக்ஸ். 100-க்கு எந்த 2டி ஆயில் நல்லது?

#20 மட்டுறுத்துநர்

டூ ஸ்ட்ரோக்குக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே வாங்க. இங்கே ஃபோர் ஸ்ட்ரோக் மட்டும்.

#21 கோபி_ஆர்எக்ஸ்

சேரிங்க. ஆனால் அதன் கியர்பாக்ஸ் ஆயில் தனி, கிளட்சும் அதில்தான் நனைகிறது. அதை மட்டும் இங்கே பேசலாம்தானே? (போய்விட்டேன்.)

#22 கரூர்_பட்டறை

தம்பி நானே வடித்தேன் என்று சொன்னதால், வடிக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு இரண்டு வண்டி மரை போய் வருகிறது. எல்லாம் வீட்டில் மாற்றியவர்கள்.

வண்டியை ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ஆயில் இளகினால்தான் அழுக்கைத் தூக்கிக்கொண்டு வரும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை வெந்துவிடும். நடு ஸ்டாண்டு போட்டு, மேலே ஆயில் குச்சியைக் கழற்றி வைத்துவிட்டு, கீழே போல்ட்டை ரிங் ஸ்பேனரால் திருப்புங்கள். திறப்பு ஸ்பேனர் போட்டால் மூலை மழுங்கிவிடும். வடிந்து சொட்டு நின்றதும் போல்ட்டைத் துடைத்துப் பாருங்கள். பொடிப் பொடியாகச் சாம்பல் நிறப் பசை இருந்தால் பழக்கமான தேய்மானம். பளபளவென்று செதில் வந்தால் வண்டியை யாரிடமாவது காட்டுங்கள்.

அந்த போல்ட்டுக்கு ஒரு அலுமினிய வாஷர் உண்டு. மலிவான சாமான், அதைப் புதிதாகப் போடுங்கள். அடுத்து போல்ட்டைக் கையால் கடைசி வரை திருகுங்கள், சுலபமாக ஏற வேண்டும். பாதியில் முரண்டு பிடித்தால் கோணலாக ஏறுகிறது, கழற்றி மறுபடியும் ஏற்றுங்கள். கடைசி இறுக்கத்துக்கு மட்டும் ஸ்பேனர். அடியில் இருக்கும் கேசிங் அலுமினியம், போல்ட் இரும்பு. ஜிம்முக்குப் போகிற தம்பிகள் மூச்சைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் மரை மொத்தமாகச் சுருண்டு வந்துவிடும். அப்புறம் புது மரை போட வேண்டும். செலவு ஆயில் விலையைத் தாண்டும்.

ஆயிலை முதலில் 800 மில்லி ஊற்றி, வண்டியை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சித்தே நேரம் கழித்து குச்சியைப் பாருங்கள். குச்சியைத் துடைத்து, திருகாமல் சும்மா வைத்து எடுக்க வேண்டும். திருகிவிட்டுப் பார்த்தால் உள்ளே கூட இறங்கி, ஆயில் நிறைய இருப்பதாகக் காட்டும். மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் வருகிற வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். நிரம்பி வழிகிற அளவுக்கு ஊற்றினால் உள்ளே சுற்றுகிற பாகங்கள் அதை மோர் கடைகிற மாதிரி கடையும். நுரை வந்தால் பம்ப் காற்றை இழுக்கும், மிச்சம் குழாய் வழியாக ஏர் பில்டருக்குப் போகும்.

தம்பி வண்டிக்கு இன்னொன்று. வடித்தாலும் மூலை முடுக்கில் பழைய ஆயில் கொஞ்சம் நிற்கும். அதனால் இப்போது விலை குறைந்த மினரல் (சிந்தடிக் இல்லாத சாதா) ஆயில், எம்.ஏ. முத்திரை பார்த்து ஊற்றி, 300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதையும் வடித்துவிடுங்கள். பிளேட் இடுக்கில் இருக்கும் கார் ஆயில் அதோடு போகும்.

காலி பாட்டிலை ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு குத்துக் குத்திவிட்டுக் குப்பையில் போடுங்க. முழுசாகப் போட்டால் அதே பாட்டில் வேறு எதையோ நிரப்பிக்கொண்டு சந்தைக்குத் திரும்பி வரும். மூடி சீலை உடைக்கும்போது சத்தம் கேட்க வேண்டும், பாட்டிலில் பேட்ச் எண்ணும் தேதியும் தெளிவாக இருக்க வேண்டும். தெரியாத கடையில் விலை ரொம்பக் குறைவாகச் சொன்னால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

#23 மேட்டுப்பாளையம்_வளைவு

இதைப் பிரின்ட் எடுத்து ஒட்ட வேண்டும். ஒரு சேர்ப்பு: ஆயில் 500 கிலோமீட்டரிலேயே கறுத்துவிட்டது, கெட்டுப்போச்சு என்று சிலர் பதறுவார்கள். உள்ளே இருக்கிற கரியைக் கழுவி எடுத்துக்கொண்டால் கறுக்கத்தான் செய்யும். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால்தான் பயப்பட வேண்டும், தண்ணீர் கலந்திருக்கிறது. மழையில் முங்க முங்க ஓட்டி வந்தவர்கள் அதைப் பாருங்கள்.

#24 திருச்செங்கோடு_டூரர்

எனக்கு இன்னும் ஒன்று புரியவில்லை. பைக்குக்கு சிந்தடிக் வாங்குவது வீண் செலவா?

#25 சூலூர்_லேப்

நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பைக்கில் கியர் பற்கள் ஆயிலை நசுக்கிக்கொண்டே இருக்கும். 10டபிள்யூ-30 மாதிரி இரண்டு எண் கொண்ட ஆயிலில் கெட்டித்தன்மைக்காக நீள நீளமான பாலிமர் சேர்த்திருப்பார்கள், பற்கள் அதைத் துண்டு துண்டாக்கும். ஆயில் இளகிப்போய், கியர் மாற்றும்போது கடக் என்று முரண்டும். நல்ல சிந்தடிக் ஆயிலில் பொதுவாக அந்தப் பாலிமரின் தேவை குறைவு, சூட்டிலும் சீக்கிரம் கெடாது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவும் முதல் இரண்டு கியரில் ஏறுகிறவர், செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓட்டுகிறவர் எல்லாம் தாராளமாக வாங்கலாம். வேலைக்குப் போய் வருகிற 100 சிசி வண்டிக்கு நேரத்துக்கு மாற்றுகிற மினரல் ஆயில் போதும். மாற்றாமல் விட்ட சிந்தடிக் ஆயிலைவிட அது மேல்.

#26 அவிநாசிக்காரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஆர்டர் நெருக்கடி, பனியன் கம்பெனியில் மூச்சு விட நேரமில்லை.

முதல் காரியமாக கேபிளைத் தளர்த்தி லிவர் நுனியில் 15 மில்லிமீட்டர் ஆட்டம் வைத்தேன், ஸ்கேல் வைத்தே அளந்தேன். அதிலேயே ரோட்டில் பாதி வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அவிநாசி மேம்பாலத்தில் மச்சானோடு ஏறும்போது இன்னும் லேசாக வழுக்கியது. கார் ஆயிலை வடித்தேன். பட்டறை அண்ணன் சொன்னபடி மினரல் எம்.ஏ. ஊற்றி 300 ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மானுவலில் போட்டிருந்த 10டபிள்யூ-30 ஊற்றினேன். அலுமினிய வாஷர் கேட்டதற்குக் கடைக்காரர் "இதை யாரும் கேட்டு வாங்கினதே இல்லையே" என்றார். கியர் சத்தம் முன்பு மாதிரி திரும்ப வந்துவிட்டது, இப்போது அதைக் கேட்டால் சந்தோசமாக இருக்கிறது.

நேற்று மறுபடியும் தாளவாடி. 9/27 வளைவு வந்ததும் மச்சான் பழக்கத்தில் காலைக் கீழே வைக்கப் போனார், வண்டி அவரையும் இழுத்துக்கொண்டு மேலே போய்விட்டது. வழியில் எக்ஸ்.எல். எதுவும் கண்ணில் படவில்லை, அதில்தான் கொஞ்சம் வருத்தம்.

#27 கரூர்_பட்டறை

நல்லது தம்பி. பிளேட் இத்தனை நாள் வழுக்கியிருக்கிறது, லேசாகத் தேய்ந்திருக்கும். 500 கிலோமீட்டர் கழித்து லிவர் ஆட்டத்தை ஒருக்கா அளந்து பாருங்க. மீதி கார் ஆயில் எங்கே?

#28 அவிநாசிக்காரன்

அண்ணன் கார் டிக்கியிலேயே வைத்துப் பூட்டியாச்சுங்க.